நெறியும் காமாலையும்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கு நிணநீர்ப் புற்றுநோயோடும் உறவு உண்டு. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இந்தக் கிருமிகளுக்கான சோதனை நடக்காமல் இல்லை. யாருக்காக நடக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் காட்டில் வேலை செய்பவருக்குத் தொடையிடுக்கில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் முதலில் காலைத்தான் பார்ப்பார். முள் குத்திய புண் இருந்தால், ‘நெறி கட்டியிருக்கு, புண்ணு ஆறுனா போயிடும்’ என்று விட்டுவிடுவார். பெரும்பாலும் அது சரியான கணிப்பு. கிருமி நுழைந்த இடத்துக்கு அருகிலுள்ள நிணநீர்க் கணு வீங்குவதும், சண்டை முடிந்ததும் வற்றுவதும் உடம்பின் வழக்கமான வேலை.

வற்றாத நெறி வேறு கதை. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாமல் மாதக்கணக்கில் நின்று, காய்ச்சலும் இரவு வியர்வையும் எடைக் குறைவும் சேர்ந்துகொண்டால் முதல் சந்தேகம் காசநோய் மேல் விழுகிறது. காசநோய் இவ்வளவு பரவலாக இருக்கும் நாட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திசுவை எடுத்துப் பார்க்காமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி, மாதங்கள் கழிந்தும் கட்டி கரையாமல், கடைசியில் பயாப்சி அறிக்கையில் ‘லிம்போமா’, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று வருவது இந்தியப் புற்றுநோய் மருத்துவர்களுக்குப் பழகிப்போன நிகழ்வு.

இன்னொரு பக்கம் மஞ்சள் காமாலை. கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது, உப்பும் எண்ணெயும் தள்ளிப் பத்தியம் இருப்பது, மந்திரித்துக் கொள்வது, கையில் சூடு போட்டுக்கொள்வது என்று அதற்கொரு தனி வைத்திய உலகமே இருக்கிறது. காமாலை கல்லீரலைச் சேர்ந்தது என்று படிக்காதவருக்கும் தெரியும்.

கழுத்து நெறியையும் காமாலையையும் யாரும் ஒரே மூச்சில் பேசுவதில்லை. மருத்துவ உலகமே இவை இரண்டையும் இணைத்துப் பார்க்க வெகுகாலம் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும், ஹெபடைடிஸ் பி கண்டறியப்பட்ட கதையிலேயே ரத்தப் புற்றுநோயாளிகள் வருகிறார்கள்.

தவறான முகவரியில் கிடைத்த கிருமி

அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பெர்க் வைரஸைத் தேடிப் போனவர் அல்லர். ஒவ்வொரு இனக்குழுவின் ரத்தத்திலும் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று உலகெங்கும் மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபீலியா நோயாளியின் ரத்தம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. அந்தப் புதிய பொருளுக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயரிட்டார்கள். 1965-ல் பிளம்பெர்க், ஹார்வி ஆல்டர் உள்ளிட்டோர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே லுகேமியா இருந்தது. ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இந்தப் பொருள் அதிகம் தென்பட்டதால், புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று எண்ணினார்கள்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. அது கல்லீரலை அழற்றும் ஒரு வைரஸின் மேலுறை. இன்று நம் ஊர் லேப் சீட்டில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி’ என்று அச்சாகி வருவது அதுதான். புற்றுநோயாளிகள் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டதும், அவர்களின் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்ததும் அவர்களிடம் அந்தக் கிருமி தங்கக் காரணம் என்று விளக்கப்பட்டது. 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28 இன்று உலக ஹெபடைடிஸ் நாள்.

அத்தோடு பி வைரஸ் கல்லீரல் மருத்துவர்களின் சொத்தாகிவிட்டது. கல்லீரல் சுருக்கம், கல்லீரல் புற்று என்று பாடநூல்கள் அதன் வரலாற்றை எழுதின. ரத்த மருத்துவர்களின் பக்கம் அது திரும்பி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

வைரஸ் போனது, புற்றும் போனது

அதற்குள் இன்னொரு கிருமி வந்து சேர்ந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏ-யும் பி-யும் அல்லாத ஏதோ ஒன்று காமாலையைத் தருகிறது என்று அதே ஹார்வி ஆல்டர் 1970-களில் காட்டினார். 1989-ல் மைக்கேல் ஹௌட்டன் குழு அதைப் பிடித்தது: ஹெபடைடிஸ் சி. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஆல்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டறிந்த சில ஆண்டுகளிலேயே ஒரு புதிர் எழுந்தது. காலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், மூட்டு வலி, மரத்துப்போதல் என்று அவதிப்படும் ஒருவகை நோயாளிகளின் ரத்தத்தில் குளிரில் திரளும் புரதங்கள் இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் சி வைரஸ் இருப்பது தெரியவந்தது. இதே கோளாறு உள்ள சிலருக்குப் பின்னாளில் லிம்போமா வருவதும் முன்பே தெரிந்த செய்தி. 1990-களில் இத்தாலிய மருத்துவர்கள் நூலை இழுத்துப் பார்த்தார்கள். லிம்போமா நோயாளிகளிடையே சி வைரஸ் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தது.

கூடவே இருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. தீர்ப்பு வந்தது 2002-ல், பிரான்சிலிருந்து. ஒலிவியே எர்மின் குழு, மண்ணீரல் பெருக்கும் ஒருவகை லிம்போமாவும் சி வைரஸும் சேர்ந்திருந்த ஒன்பது பேருக்குப் புற்றுநோய் மருந்து கொடுக்காமல் வைரஸுக்கான இன்டர்ஃபெரான் கொடுத்தது. ரத்தத்திலிருந்து வைரஸ் மறைந்த ஏழு பேருக்கு லிம்போமாவும் மறைந்தது. சி வைரஸ் இல்லாமல் அதே லிம்போமா வந்த ஆறு பேருக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது ஒருவருக்கும் பலனில்லை. மருந்து புற்றைக் கொல்லவில்லை. புற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கிருமியைக் கொன்றது.

இன்டர்ஃபெரான் ஊசி உடம்பை உலுக்கி எடுக்கும். 2013-ன் இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபின் நிலைமை தலைகீழானது. அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர் என்று உலகம் கொதித்தது. 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்ததும் விலை சரிந்தது. இன்று 12 வார மாத்திரையில் சி வைரஸ் தொற்றிய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். இத்தாலியில் லூக்கா அர்க்காயினி குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மெதுவாக வளரும் லிம்போமாவும் சி வைரஸும் இருந்த 46 பேர் இந்தவகை மாத்திரைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குப் புற்று சுருங்கியது அல்லது மறைந்தது. இவ்வகை லிம்போமாவில் உடனடி நெருக்கடி இல்லையென்றால் கீமோவுக்கு முன் வைரஸ் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது இன்று ஏற்கப்பட்ட வழி.

நம் ஊர் நோயாளிக்கு இதன் பொருள் எளிது. இடது விலாவுக்குக் கீழே வயிறு கனத்து, மண்ணீரல் பெருத்திருப்பதாக ஸ்கேன் சொன்னால், அது சி வைரஸால் வந்த கல்லீரல் சுருக்கமாகவும் இருக்கலாம், அதே வைரஸால் வந்த லிம்போமாவாகவும் இருக்கலாம். இரண்டையும் தேட வேண்டும்.

எதிர்ப்பணுவுக்கு ஓய்வே இல்லாதபோது

ஒரு வைரஸ் கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு நிணநீர்க் கணுவில் எப்படிப் புற்றை உண்டாக்கும்?

ரத்தத்தில் பி லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் உண்டு. கிருமிக்கு எதிரான ஆன்ட்டிபாடியைச் செய்வது இவற்றின் தொழில். புதிய கிருமி வந்தால் அதற்குப் பொருத்தமான ஆன்ட்டிபாடியைச் செய்ய இந்த அணுக்கள் தம் மரபணுவையே வெட்டி, ஒட்டி, திருத்திக்கொள்கின்றன. உடம்பில் வேறு எந்த அணுவும் இவ்வளவு துணிச்சலாகத் தன் மரபணுவில் கை வைப்பதில்லை. சளிக்காய்ச்சல் வந்தால் இந்த வேலை சில வாரத்தில் முடிந்துவிடும். பி அல்லது சி வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் ஓயாமல் நடக்கும். அணு பிரிந்துகொண்டே இருக்கும்; வெட்டுவதும் ஒட்டுவதும் தொடரும். எங்கோ ஓரிடத்தில் தப்பாக ஒட்டிய மரபணு, ‘நிறுத்து’ என்ற கட்டளையைக் கேளாத ஓர் அணுவை உருவாக்கிவிடுகிறது.

இது சி வைரஸுக்கு மட்டுமான வழி அல்ல. இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவும் இதே வேலையைச் செய்கிறது. 1993-ல் லண்டன் மருத்துவர்கள் இரைப்பை லிம்போமா வந்த ஆறு பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தக் கிருமியை ஒழித்தபோது ஐந்து பேருக்குப் புற்று மறைந்தது.

சி வைரஸுக்குக் கூடுதலாக ஒரு வசதியும் உண்டு. அதன் மேலுறைப் புரதம் பி லிம்போசைட்டின் மேலிருக்கும் சி.டி.81 என்ற கொக்கியில் நேரடியாகப் போய் மாட்டி அதைத் தூண்டுகிறது. பி வைரஸின் வழி வேறு. அது தன் மரபணுத் துண்டை மனித மரபணுவுக்குள்ளேயே செருகக்கூடியது; லிம்போசைட்டுகளுக்குள்ளும் அது காணப்பட்டிருக்கிறது. நம் மாவட்டங்களுக்கு பி-தான் பெரிய தலைவலி. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் 2022-ல் பி வைரஸோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2.98 கோடி, சி வைரஸோடு 55 லட்சம். சீனாவுக்கு அடுத்த பெருஞ்சுமை நம்முடையது.

பி வைரஸ் லிம்போமாவைத் தருமா என்பதற்கு வலுவான சான்று தென்கொரியாவிலிருந்து வந்தது. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், அவர்கள் குடும்பத்தினர் என்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பி வைரஸ் உள்ளவர்களுக்கு, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு. அதில் அதிகம் காணப்படும், வேகமாக வளரும் பெரிய பி அணு வகைக்கு ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த எண்ணைப் படித்துவிட்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். அதே ஆய்வில், பி வைரஸ் உள்ள ஒரு லட்சம் பேரில் ஆண்டொன்றுக்கு லிம்போமா வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. வைரஸ் இல்லாதவர்களில் பன்னிரண்டு பேர். வைரஸோடு வாழும் மிகப் பெரும்பாலோருக்கு லிம்போமா வரப்போவதில்லை. கல்லீரல் புற்றுக்கே அவர்கள் அதிகம் அஞ்ச வேண்டும். லியோனிலுள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சி வைரஸை லிம்போமாவின் உறுதியான காரணமாகவும், பி வைரஸைத் தொடர்பு காணப்பட்ட ஒன்றாகவும் தன் 2012 தொகுதியில் வகைப்படுத்தியது அளவான தீர்ப்புதான்.

அப்படியானால் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? ஏனென்றால் உறவு எதிர்த்திசையிலும் இருக்கிறது. அங்கேதான் உயிர் போகிறது.

மருந்து எழுப்பும் கிருமி

பி லிம்போசைட்டில் முளைத்த லிம்போமாவுக்கு இன்று முதுகெலும்பான மருந்து ரிட்டக்சிமாப். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி லிம்போசைட்டின் மேலிருக்கும் சி.டி.20 என்ற அடையாளத்தைத் தேடிப் பிடித்து அந்த அணுவை அழிக்கும். வழக்கமான கீமோவோடு இதைச் சேர்த்தபின் லிம்போமாவில் பிழைப்பவர்கள் கணிசமாகக் கூடினார்கள். 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் உலகின் முதல் ரிட்டக்சிமாப் மாற்று மருந்தைக் கொண்டுவந்தபின் விலை இறங்கி, சிற்றூர் நோயாளிக்கும் அது எட்டத் தொடங்கியது.

ஆனால் இந்த மருந்து கெட்ட பி லிம்போசைட்டையும் நல்லதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பி வைரஸைக் காவல் காத்து நின்ற அணுக்களும் சேர்ந்தே போகின்றன.

பி வைரஸ் ஒருமுறை நுழைந்தால் அதன் மரபணு கல்லீரல் அணுவின் கருவுக்குள் வளையமாகச் சுருண்டு கிடக்கும். காமாலை வந்து போன ஒருவருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி நெகட்டிவ் ஆகி, ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லப்பட்ட பிறகும் கிடக்கும். கோரையை மேலே செதுக்கிவிட்டு வயல் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தாலும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை ஒரு மழை போதும். ரிட்டக்சிமாப் அந்த மழை. வைரஸ் மறுபடி பெருகி, எதிர்ப்பாற்றல் மீண்டு வரும்போது உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும். லிம்போமா குணமாகிக்கொண்டிருக்கும் நோயாளி காமாலையில் இறந்துபோவார்.

ஹாங்காங்கில் வினி யோ குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. எச்.பி.எஸ்.ஏ.ஜி நெகட்டிவ், ஆனால் பழைய தொற்றின் தடயமான ஆன்ட்டி எச்.பி.சி பாசிட்டிவ் என்றிருந்த நோயாளிகளில், வெறும் கீமோ பெற்ற ஒருவருக்கும் வைரஸ் திரும்பவில்லை. ரிட்டக்சிமாப் சேர்த்துப் பெற்ற 21 பேரில் ஐவருக்குத் திரும்பியது. ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்தின் சீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தது: தொடங்குமுன் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி சோதனை.

தடுப்பதும் கடினமில்லை. என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், நாளுக்கு ஒரு மாத்திரை. கீமோவுக்கு முன்பே தொடங்கி, முடிந்தபின் ஓராண்டு, ரிட்டக்சிமாப் பெற்றவர்கள் ஒன்றரை ஆண்டுவரை தொடர வேண்டும். கட்டி கரைந்துவிட்டதே என்று மாத்திரையை நடுவில் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி இரண்டுக்குமான மருந்துகள் அரசு மையங்களில் இலவசம்.

கண்ணாடி ஊசித் தலைமுறை

இந்தக் கிருமி நம் மக்களுக்குள் எப்போது வந்து தங்கியது?

பி வைரஸ் பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கே தங்கும். இன்று நாற்பது, ஐம்பது வயதிலிருக்கும் கேரியர்கள், அதாவது கிருமியை நிரந்தரமாகச் சுமப்பவர்கள், பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் பெற்றவர்கள். சி வைரஸுக்கு வயது பேதமில்லை. தொற்றியவரில் பெரும்பாலோரிடம் தங்கிவிடும்.

இவர்கள் வளர்ந்த காலத்தில் பெரம்பலூரும் அரியலூரும் ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்தின் வானம் பார்த்த வடகோடி. காய்ச்சலோ, கைகால் அசதியோ, ‘ஒரு ஊசி போட்டாத்தான் சரியாகும்’ என்பது அன்று எல்லோருக்கும் வேதவாக்கு. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் முக்கியெடுத்து அடுத்தவருக்குப் போட்ட காலம் அது. சலூனில் ஒரே கத்தியில் பலருக்குச் சவரம், திருவிழாவில் ஒரே ஊசியில் வரிசையாகப் பச்சை குத்துதல் எல்லாம் சாதாரணம். ஒருமுறைப் பயன்பாட்டு சிரிஞ்ச் வந்தபின்னும் ஆபத்து முழுதாகப் போகவில்லை. 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி வெடித்துப் பலர் இறந்தது நாட்டையே உலுக்கியது.

தடுப்பூசியின் காலக்கோட்டையும் பார்க்க வேண்டும். 2002-03-ல் இந்தியாவின் சில மாவட்டங்களில் முன்னோட்டமாகக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வந்தது. 2007-08-ல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2007 நவம்பரில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமான அதே காலம். 2011-ல் நாடு முழுதும் பரவியது. அந்த டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அறிமுகமானது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசி தாய்வழித் தொற்றின் கழுத்தைப் பிடிக்கிறது.

ஆக, இரு மாவட்டங்களிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கவசம் இருக்கிறது. அவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் இல்லை. லிம்போமா பெரும்பாலும் நடுவயதிலும் அதற்குப் பின்னும் வரும் நோய் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

கீழாநெல்லிக்கு ஒரு நியாயம்

பெரம்பலூர்க் காடுகளில் மழை விழுந்தால் வெங்காயப் பாத்திக்கு நடுவிலேயே கீழாநெல்லி முளைக்கும். அதன்மீதான நம்பிக்கையை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. காரணம், அந்தச் செடியை பி வைரஸோடு மோதவிட்டுப் பார்த்தவர்களில் பிளம்பெர்க்கே ஒருவர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். முப்பது நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 கேரியர்களில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி மறைந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் சென்னையைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிற இடங்களிலும் அதே கதை. பிந்தைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

ஊரில் கீழாநெல்லி ‘கேட்பதற்கு’ வேறொரு காரணம் உண்டு. தண்ணீர்வழி வரும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே சில வாரங்களில் தணிபவை. பெரியவர்களுக்கு வரும் புதிய பி தொற்றும் பெரும்பாலும் அப்படியே. எந்த மருந்தைக் குடித்தாலும் கண் தெளியும். தெளிந்த கண்ணைப் பார்த்துவிட்டு ரத்தத்தைச் சோதிக்காமல் விடுவதில்தான் கோளாறு. நிரந்தரமாகத் தங்கிய பி-யும் சி-யும் பல்லாண்டுகள் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை.

யாருக்காகச் சோதனை?

நம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்குத் தன் உடம்பில் பி வைரஸ் இருப்பது எப்போது தெரியவருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பிணியாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போது சோதிக்கிறார்கள்; பிறக்கப்போகும் குழந்தைக்காக. ரத்த தான முகாமில் சோதிக்கிறார்கள், ரத்தத்தைப் பெறப்போகிறவருக்காக. அறுவை சிகிச்சைக்கு முன் சோதிக்கிறார்கள். பெரும்பாலும் அறுவை அரங்கில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காக. லெப்பைக்குடிகாட்டிலிருந்தோ ஜெயங்கொண்டத்திலிருந்தோ வளைகுடாவுக்குக் கிளம்பும் இளைஞரை மெடிக்கலில் சோதிக்கிறார்கள், அந்த நாட்டுக்காக. பாசிட்டிவ் என்றால் அவருக்குக் கிடைப்பது ‘அன்ஃபிட்’ என்ற ஒரு சொல். விசா போனது, ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணம் போனது. அந்தச் சீட்டை மடித்து வைத்துவிட்டு, கல்யாணப் பேச்சில் வெளிவந்துவிடுமோ என்ற பயத்தோடு ஊர் திரும்புகிறார். கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

இந்தச் சோதனைகள் எல்லாம் அவசியமானவை. ஆனால் ஒன்றுகூட அந்த மனிதருக்காகவே செய்யப்பட்டதல்ல. அதனால்தான் பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகும் அவர் சிகிச்சைக்குள் நுழையாமல் நழுவிவிடுகிறார். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ இந்தக் கிருமிகள் பரவுவதில்லை என்பதும் அந்த வீட்டுக்குத் தெரியாது.

லிம்போமா என்று முடிவாகும்போதும் இதே நழுவல் நடக்க வழியிருக்கிறது. ரயில் நிலையமே இல்லாத பெரம்பலூர் நகரத்திலிருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் பஸ் பிடிப்பவர்கள் உண்டு. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் அலைச்சல் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் புற்றுநோய்க்குத் தஞ்சாவூர், ஜிப்மர், அடையாறு, வேலூர் என்று போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டியை எடுத்தது ஓரிடம், பயாப்சி பார்த்தது இன்னோரிடம், கீமோ வேறோரிடம். பத்தாண்டுக்கு முந்தைய ‘அன்ஃபிட்’ சீட்டு இந்தக் கோப்புகள் எதிலும் இருக்காது. கீமோவை வீட்டுக்கு அருகில் போட்டுக்கொள்ளலாம் என்று பெரிய மருத்துவமனை எழுதிக்கொடுக்கும்போது, வைரஸ் மாத்திரையின் பெயரும் அந்தச் சீட்டில் இருக்கிறதா என்று நோயாளியின் வீட்டார்தான் பார்த்தாக வேண்டும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு நெறி சில வாரங்களைத் தாண்டியும் கரையவில்லையா? காசநோய் மாத்திரைக்கு முன் பயாப்சி உண்டா என்று கேளுங்கள்.

லிம்போமா என்று முடிவானால், முதல் ட்ரிப்ஸ் ஏறுவதற்கு முன் மூன்று சோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும்: எச்.பி.எஸ்.ஏ.ஜி, ஆன்ட்டி எச்.பி.சி, ஆன்ட்டி எச்.சி.வி.

பி-யின் இரண்டு சோதனைகளில் ஒன்று பாசிட்டிவ் என்றாலும் தடுப்பு மாத்திரை வேண்டுமா, எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள். சி பாசிட்டிவ் என்றால், முதலில் வைரஸா புற்றா என்பதை இரு துறை மருத்துவர்களும் சேர்ந்து முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

மூட்டுவாதத்துக்கும் ரிட்டக்சிமாப் தருகிறார்கள். அங்கும் இதே சோதனை தேவை.

ஏற்கெனவே பாசிட்டிவ் என்று தெரிந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களைச் சோதித்து, தொற்று இல்லாதவர்களுக்கு பி தடுப்பூசி போடுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை, மாத்திரை இருக்கிறது.

வாழ்நாளில் ஒருமுறை

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-ல் சி-க்கும் 2023-ல் பி-க்கும், வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. பி பாதிப்பு நம்மைவிட மிகக் குறைவாக உள்ள நாடு அது.

நமக்கு அதற்கான கால்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே பி, சி இரண்டையும் காட்டும் அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரே ஒருமுறை அதைச் செய்து, முடிவைச் சர்க்கரை அளவைப் போல அவரது நோட்டில் எழுதினால் போதும். பாசிட்டிவ் வருபவருக்கு மருந்து அரசின் கையிலேயே இருக்கிறது. பின்னாளில் அவருக்கு லிம்போமாவே வந்தாலும், எந்த ஊரில் எந்த மருத்துவர் கீமோவைத் தொடங்கினாலும், அந்த ஒரு வரி அவரைக் காக்கும்.

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட வகையில் தமிழ்நாடு தன் கடமையை முன்கூட்டியே செய்தது. தடுப்பூசி வருமுன் பிறந்தவர்களுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: இன்னொருவரைக் காப்பாற்றுவதற்காக இல்லாமல், அவர்களுக்காகவே அவர்களைச் சோதிப்பது.